மறுகால் பாயாத குளங்கள்

போன சித்திரையில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். எல்லாக் கல்லூரியிலும் நடக்கிற கருத்தரங்குதான். ‘இளம் விஞ்ஞானிகள் முன்னேறுவது எப்படி?’ என்று மேடையில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு.

வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர், அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல், திரையில் மூன்று வார்த்தைகளைப் போட்டார். நெட்வொர்க்கிங். ஃப்ளெக்ஸிபிலிட்டி. மென்டரிங். அதாவது, நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொள், வளைந்து கொடு, நல்ல வழிகாட்டியைப் பிடித்துக்கொள். ‘இந்த மூணும் இருந்தா நீங்க எங்கேயோ போயிடுவீங்க!’ என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கையில் புளியோதரைப் பொட்டலத்தோடு ஒரு பெண் என்னிடம் வந்தார். முக்கூடல் பக்கம் கிராமம். அம்மா பீடி சுற்றுகிறார். வீட்டில் முதல் பட்டதாரி. கெமிஸ்ட்ரியில் பிஎச்.டி. நாலாவது வருஷம்.

‘சார், அவுங்க சொன்னதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எங்க கைடுகிட்ட ஒரு கையெழுத்துக்கு ரெண்டு மாசமா நடக்கேன். இதுல நான் யாருகிட்ட போயி நெட்வொர்க் பண்ண?’

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்திருக்க வேண்டியவரோ அதற்குள் விமானம் பிடிக்க வாகைக்குளத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அந்தப் பெண்ணுக்குக் கடன்பட்ட பதில்தான் இந்த வாரக் கட்டுரை. ஆனால் அறிவுரை அவருக்கு இல்லை. அவருக்கு அறிவுரை சொல்ல ஊரே இருக்கிறது. அறிவுரை தேவைப்படுகிறவர்கள் வேறு சிலர்.

*

முதலில் இந்த ‘நாலு பேர்’ விஷயம்.

நெட்வொர்க்கிங் என்ற வார்த்தையைக் கேட்டதும் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ‘காக்கா பிடிக்கறதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு’ என்பார்கள். ஆனால் திருநெல்வேலிக்காரர்களைப் போல நெட்வொர்க் தெரிந்தவர்கள் எங்கே உண்டு? அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்ணின் ஜாதகத்தை எடுத்தால், ஒரே வாரத்தில் அது ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், தாராவி, துபாய் எல்லாம் சுற்றிவிட்டு வந்துவிடும். பையன் என்ன சம்பளம், தண்ணி போடுவானா, தாத்தா எந்தக் கேஸில் மாட்டினார் என்பது வரை தகவல் வந்து சேரும். அத்தை, சித்தப்பா, தரகர், கோயில் கொடைக்கு வரி கொடுக்கிற பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து நடத்துகிற உளவுத்துறை அது.

அதே வீட்டுப் பெண் பிஎச்.டி. செய்கிறார். அவர் எடுத்திருக்கும் தலைப்பில் இந்தியாவில் வேறு யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஐந்து பெயர் வேண்டாம், இரண்டு பெயர். பெரும்பாலும் மௌனம்தான். அது அவருடைய தப்பு இல்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவர் சொல்லவில்லை. சில சமயம், சொல்ல வேண்டியவருக்கே தெரியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசிவிடுவோம். நம் ஊரில் ‘நாலு பேர்’ என்றால் யார் அந்த நாலு பேர்? நம்ம ஆள். சொந்தக்காரர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர், மிஞ்சிப்போனால் சொந்த சாதிக்காரர். மாமா பேராசிரியராக இருக்கிற பையனுக்கு நெட்வொர்க்கிங் என்று தனியாக ஒன்று தேவையே இல்லை. அவன் தொட்டிலிலேயே அதற்குள்தான் கிடந்தான். பீடி சுற்றுகிறவர் மகளுக்கு, வயக்காட்டில் கூலிக்குப் போகிறவர் மகனுக்கு அந்த நாலு பேரில் ஒருவர்கூட இல்லை. அவரைப் பார்த்து ‘நாலு பேரைத் தெரிஞ்சு வச்சுக்கோ’ என்பது, பாபநாசத்தில் நின்றுகொண்டு கடைமடை விவசாயியிடம் ‘தண்ணி நிறையப் பாய்ச்சுங்க’ என்று சொல்வது மாதிரி. அவருக்கா தெரியாது? வாய்க்காலை மேலே அடைத்தது யார் என்று கேளுங்கள்.

*

உடனே ஒரு குரல் வரும். ‘திறமை இருந்தா தானா மேல வருவான் சார். ராமானுஜனுக்கு யாரு சிபாரிசு?’

நல்ல கேள்வி. பதில்: ஒரு வரிசையே சிபாரிசு செய்தது.

1910 வாக்கில் வேலையில்லாமல், கல்லூரித் தேர்விலும் தோற்று, நோட்டுப் புத்தகத்தோடு அலைந்த ராமானுஜன் போய் நின்றது வி.ராமசாமி ஐயர் என்ற டெபுடி கலெக்டர் முன்னால். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது வருவாய்த் துறையில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் பார்த்த ஐயர், ‘இந்த ஆளை இந்த வேலையில் போட்டு வீணாக்க மாட்டேன்’ என்று மறுத்துவிட்டு, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்தக் கடிதம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் முடிந்தது. அவர் கொஞ்ச காலம் மாதாமாதம் கைச்செலவுக்குப் பணம் கொடுத்தார். பிறகு துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அங்கேயும் நாராயண ஐயர், சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்று இரண்டு பேர் மேலதிகாரிகளாக வாய்த்தார்கள். தொந்தரவு செய்யவில்லை, தூக்கிவிட்டார்கள். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போனது இத்தனை பேருக்கும் பிறகுதான். அதற்கு முன்னால் கேம்பிரிட்ஜின் இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கு எழுதிய கடிதங்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மூன்றாவது கடிதம்தான் பலித்தது.

நமக்கு ராமானுஜன் என்றால் நாமகிரித் தாயார் ஞாபகம் வருகிறது. ராமசாமி ஐயர் ஞாபகம் வருவதில்லை. அது நமக்கு வசதி. எல்லாம் தெய்வச் செயல் என்றால் நாம் யாருக்கும் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டாம் பாருங்கள்!

*

கும்பகோணத்துக் கதை எதற்கு? நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

வருஷா வருஷம் சீசனுக்குக் குற்றாலம் போகிறோம். ஐந்தருவியில் எப்போது கூட்டம் குறையும், பார்டர் கடையில் எப்போது புரோட்டா சூடாகக் கிடைக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. பக்கத்திலேயே வல்லம் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே 1901 ஏப்ரல் 5-ம் தேதி பிறந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எஸ்.எஸ்.பிள்ளை என்றால் உலகத்து எண்கணிதக்காரர்களுக்குத் தெரியும். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறந்து ஒரு வருஷத்தில் அம்மா இறந்துவிட்டார். பள்ளியிறுதி வருஷத்தில் அப்பாவும் போய்விட்டார். அந்தக் காலத்தில், அந்த நிலைமையில், ஒரு பையன் படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது கடையில் கணக்கு எழுதப் போயிருக்க வேண்டும். போகவிடாமல் தடுத்தவர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். பண உதவி செய்து மேலே படிக்க அனுப்பினார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி என்று படித்து முடித்தார் பிள்ளை. 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அங்கே அவருக்கு வாய்த்தவர்கள் கே.ஆனந்த ராவும் ஆர்.வைத்தியநாதசாமியும்.

இந்த ஆனந்த ராவ் யார்? கேம்பிரிட்ஜில் அதே ஹார்டியிடம் படித்தவர். ராமானுஜனை அங்கேயே நேரில் அறிந்தவர். ஊர் திரும்பி மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஹார்டி ராமானுஜனுக்குச் செய்ததை அவர் பார்த்திருக்கிறார். வல்லத்திலிருந்து ஒரு பையன் வந்து நின்றபோது, தன் பங்கைச் செய்தார்.

1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் பிள்ளை அங்கே விரிவுரையாளர். பன்னிரண்டு வருஷம். புதுப் பல்கலைக்கழகம், சின்ன ஊர். ஆனாலும் அவர் கிணற்றுத் தவளையாக இருக்கவில்லை. வடக்கே இருந்த சர்வதமன் சௌலாவோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். இருவரும் சேர்ந்து எழுதியது 1930-லேயே லண்டன் கணிதக் கழக இதழில் வந்தது. அன்றைக்கு ஈமெயில் இல்லை, ஜூம் இல்லை. தபால்காரர்தான் நெட்வொர்க்.

அந்தச் சிதம்பரத்தில்தான் அவர் பெரிய வேலையைச் செய்தார். 1770-ல் வாரிங் என்ற ஆங்கிலேயர் ஒரு புதிர் போட்டார். எந்த முழு எண்ணையும் நாலு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம். கன எண்கள் என்றால் ஒன்பது போதும். அதற்கு மேல் அடுக்கு ஏற ஏற எத்தனை வேண்டும்? 1909-ல் ஹில்பர்ட், ‘ஒவ்வொரு அடுக்குக்கும் அப்படி ஒரு எண் உண்டு’ என்று நிரூபித்தார்; எத்தனை என்று சொல்லவில்லை. 1930-களின் நடுவில் பெரும்பாலான அடுக்குகளுக்கு அந்த விடையைச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிகாகோவில் டிக்சன். இன்னொருவர் சிதம்பரத்தில் பிள்ளை. தனித்தனியாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல். ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்பதைப் பிள்ளை 1940-ல் நிரூபித்தார்.

பிறகு 1941-ல் திருவிதாங்கூர், 1942-ல் கல்கத்தா. கல்கத்தாவுக்கு அழைத்தவர் எஃப்.டபிள்யூ.லெவி. யூதர் என்பதால் ஹிட்லரின் ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டு இங்கே வந்தவர். தனக்கு ஒரு கதவை அடைத்தார்கள் என்பதற்காக, அவர் அடுத்தவனுக்குக் கதவை அடைக்கவில்லை, திறந்துவிட்டார்.

1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஒரு வருஷத்துக்கு அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. அதற்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகக் கிளம்பினார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவிலிருந்து புறப்பட்ட விமானம் எகிப்தில் விழுந்து நொறுங்கியது. பயணம் செய்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு வயது 49.

இந்தக் கதையில் அந்தக் கோட்டு பேச்சாளரின் மூன்று வார்த்தைகளும் இருக்கின்றன. ஆனால் யார் செய்தார்கள் என்று கவனியுங்கள். வளைந்து கொடுத்தது யார்? பையன் மட்டுமல்ல, தன் பணத்தைக் கொடுத்த வாத்தியார். நாலு பேரைத் தெரியவைத்தது யார்? ஆனந்த ராவ், லெவி. பையனுடைய வேலை கணக்குப் போடுவது. அதை அவன் ஒழுங்காகச் செய்தான்.

வல்லத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற சிற்றாறு, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேருகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் விவசாயம் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித்தர வேண்டாம். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய வேண்டும். அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்து அதற்கு அடுத்தது. ஹார்டி, ஆனந்த ராவ், பிள்ளை என்று வந்தது அந்த மறுகால்தான். மறுகாலை அடைத்துக்கொண்டு ‘என் குளம், என் தண்ணி’ என்று உட்கார்ந்தால் என்ன ஆகும்? கீழே உள்ள குளம் காயும். ஒரு நாள் தன் கரையும் உடையும்.

*

இப்போது நம் கைடுகளுக்கு வருவோம்.

நல்லவர்கள் இருக்கிறார்கள். சொந்தக் காசில் மாணவர்களை மாநாட்டுக்கு அனுப்புகிறவர்களை எனக்கே தெரியும். அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

கைடு என்ற சொல்லுக்கு வழிகாட்டி என்று அர்த்தம். நம் ஊரில் அது எப்போதோ பண்ணையார் என்று மாறிவிட்டது. மின்சார பில் கட்ட, பிள்ளையை டியூஷனிலிருந்து கூப்பிட்டு வர, வீட்டு விசேஷத்தில் பந்தி விசாரிக்க ஆராய்ச்சி மாணவர். இதற்குப் பெயர் குருபக்தி. விடைத்தாள் திருத்த, கணினியில் மதிப்பெண் ஏற்ற ஆராய்ச்சி மாணவர். இதற்குப் பெயர் அனுபவம். மாணவர் எழுதிய கட்டுரையில் முதல் பெயர் கைடுக்கு. இதற்குப் பெயர் மரபு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால்? கையெழுத்து விழாது. இதற்குப் பெயர் நேரமின்மை.

ராமன் சுபாவத்தில் எளிதான மனிதர் இல்லை என்று படித்திருக்கிறோம். ஆனால் 1928 மார்ச் 31 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழைப் பாருங்கள். ராமன் விளைவை உலகத்துக்குச் சொன்ன அந்தக் கடிதத்தில் இரண்டு பெயர் இருக்கிறது. ராமன், கிருஷ்ணன். இரண்டாமவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். அடுத்து அவர் டாக்கா போனார், காந்தவியலுக்கு மாறினார், மீண்டும் கல்கத்தா, அலகாபாத் என்று சுற்றி, 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். மாணவனின் பெயரைப் போட்டதால் ராமனுக்கு நோபல் பரிசில் ஏதாவது குறைந்ததா?

விதி இல்லை என்று சொல்லாதீர்கள். விதி நன்றாகவே இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2016 விதிமுறையும் அதற்குப் பதிலாக வந்த 2022 விதிமுறையும் சொல்வது இது: ஒவ்வொரு மாணவருக்கும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாணவர் அதன் முன்னால் தன் வேலையை எடுத்துச் சொல்ல வேண்டும்; குழு வழி சொல்ல வேண்டும். பேராசிரியர் எட்டுப் பேருக்கு மேல் கைடாக இருக்கக் கூடாது. இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நாலு. அதாவது ஒரே ஒருவர் கையில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தான் குழு. நடப்பது என்ன? பல இடங்களில் குழு கூடுவது காகிதத்தில். டீ, மிக்சர், மூன்று கையெழுத்து. அடுத்த ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்.

*

‘வளைந்து கொடு’ என்பது இன்னும் வேடிக்கை.

பேச்சாளர் சொன்னது பாடம் தாண்டிப் பாடம் போவது, ஊர் விட்டு ஊர் போவது. நல்ல யோசனைதான். கிருஷ்ணன் அப்படித்தான் போனார். நம் பிள்ளையும் நம்பி, வேதியியலும் உயிரியலும் கலந்த ஒரு புதுப் பெயர்ப் படிப்பை எடுத்துப் படிக்கிறது. அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் முதல் கேள்வி: ‘இந்தப் பட்டம் கெமிஸ்ட்ரிக்கு இணையா? இணைத்தன்மைச் சான்று எங்கே?’ பிள்ளை வளைந்தது. அரசாங்க ஆணை வளையவில்லை. வாழ்க்கையின் நல்ல வருஷங்கள் சான்றிதழுக்கு அலைவதில் போகும்.

பெண் என்றால் வளைவதற்குத் தனி அளவே இல்லை. கல்யாணம் ஆகி மாப்பிள்ளை கோயம்புத்தூரில் இருந்தால், மூன்று வருஷ ஆராய்ச்சியை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்வார்கள். கைடும் அதையே சொல்வார். இரண்டு பேருமே விதியைப் படித்ததில்லை. கல்யாணம் காரணமாகவோ வேறு காரணத்தாலோ இடம் மாறும் பெண், தன் ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று 2016 விதிமுறையிலேயே இருக்கிறது. பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. முடிப்பதற்குக் கூடுதலாக இரண்டு வருஷ அவகாசம் உண்டு. இடையில் நின்றுபோன பெண் விஞ்ஞானிகளைத் திரும்பக் கொண்டுவர மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-லேயே திட்டம் தொடங்கியது. இன்று அது வைஸ்-கிரண் என்ற பெயரில் இருக்கிறது. இதையெல்லாம் கல்லூரி நோட்டீஸ் போர்டில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பொன்னாடை போர்த்திய போட்டோ மட்டும் தவறாமல் இருக்கும்.

காசு விஷயத்திலும் இப்படித்தான். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வாங்காதவருக்கு? மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் மாதம் 8,000. நம் ஊர்க் கல்லூரிகளில் படிக்கிற பெரும்பாலானவர்களுக்கு அதுவும் இல்லை. கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை கொடுங்கள் என்று 2019-ல் யு.ஜி.சி. சொன்னது. கைக்கு எவ்வளவு வருகிறது என்று பக்கத்து வீட்டுக் கௌரவ விரிவுரையாளரைக் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

*

ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் என் நண்பர். இதையெல்லாம் ஒரு மாலை ஹைகிரவுண்ட் டீக்கடையில் அவரிடம் பொரிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

‘எங்களையே ஏசுதீரே வே! டிபார்ட்மென்ட்ல பாதி நாற்காலி காலி. நாக் கமிட்டிக்கு ஃபைல் நாந்தான் எழுதணும், அட்மிஷனுக்கு நாந்தான் நிக்கணும். எனக்கு ஒரு கைடு இருந்தாரே, அவரு என்னைய எப்படி நடத்துனாருன்னு உமக்குத் தெரியுமா?’

நியாயம். ஆசிரியருடைய நேரத்தையெல்லாம் காகிதத்தில் கரைத்துவிட்டு, ‘வழிகாட்டு’ என்றால் எப்படி? காலி இடத்தை நிரப்ப வேண்டியது அரசு. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் அவருடைய கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். மாமியார் கொடுமை பட்டவர் மருமகள் வந்ததும் பேசுகிற பேச்சு அது. ஒரு அறிமுகக் கடிதம் எழுத, ‘அந்த ஆய்வகத்தில் இன்னார் இருக்கார், நான் சொன்னேன்னு சொல்லு’ என்று ஒரு போன் போட நாற்காலி நிரம்ப வேண்டியதில்லை. அஞ்சு நிமிஷம் போதும். நண்பரிடம் அதைச் சொன்னேன். டீயைக் குடித்து முடிக்கும் வரை பேசவில்லை. பிறகு, ‘அந்தப் பிள்ளை நம்பரக் கொடும்’ என்றார்.

*

சரி, அறிவுரை யாருக்கு என்று சொன்னேனே, வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரிகளுக்கு: திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போவதால், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஒரு ஆய்வகம் நடத்துகிறது. நமக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பாய்கிற மின்னோட்டத்தை அங்கே அளக்கிறார்கள். பிஸிக்ஸ் எம்.எஸ்சி. படிக்கும் ஒரு தம்பியிடம் கேட்டேன். ‘கிருஷ்ணாபுரமா? கோயில் சிலை பாத்திருக்கேன் சார்’ என்றான். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறார்கள். மணிமுத்தாறில் ஏட்ரீ அமைப்பின் மையம் இருக்கிறது. 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் போய் நின்று எண்ணலாம். குளக்கரையில் காலை ஆறு மணிக்கு ஒரு விஞ்ஞானியின் பக்கத்தில் பைனாகுலரோடு நிற்பதுதான் ஐயா நெட்வொர்க்கிங். அடுத்த கருத்தரங்குக்குப் பொன்னாடை வாங்கும் காசில் ஒரு பஸ் பிடியுங்கள்.

கைடுகளுக்கு: பெங்களூர், டெல்லி, அலகாபாத்தில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடையில் இரண்டு மாத ஆய்வு வாய்ப்பு தருகின்றன. மாணவர்களுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் உண்டு. பிள்ளையை அனுப்புங்கள். நீங்களும் போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழுவை நிஜமாகக் கூட்டுங்கள். எழுதியவர் பெயரை முதலில் போடுங்கள். வருகிற கையெழுத்தை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

பெற்றோருக்கு: மாப்பிள்ளை பார்க்கும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பிள்ளை பிஎச்.டி. முடிக்க உங்க ஊர்ல பக்கத்துல எந்த யுனிவர்சிட்டி இருக்கு?’

அந்த முக்கூடல் பெண்ணுக்கு ஒன்றே ஒன்று: ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தான் ஒரு குமாஸ்தா என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, உடனே தேற்றங்களுக்குப் போய்விட்டார். நீங்களும் அப்படியே எழுதுங்கள் அம்மா. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் துறையில் மூன்று பேர். அவர்களுடைய கட்டுரையைப் படித்து, அதில் ஒரு கேள்வி கேட்டு, நீங்கள் செய்ததைச் சொல்லி எழுதுங்கள். இரண்டு பேர் பதில் போடாவிட்டால் அழாதீர்கள். ராமானுஜனுக்கும் அந்தக் கணக்குதான்.

மற்றபடி உங்கள் மேல் குற்றமில்லை. யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வல்லத்துப் பையனுக்கு உதவிய அந்தப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வாரிங் யார், ஹில்பர்ட் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மென்டரிங் என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். மேடை ஏறவில்லை, திரையில் படம் போடவில்லை. அப்பா இல்லாத ஒரு பையன் படிக்க வேண்டும் என்று தோன்றியது. சட்டைப் பையில் கை விட்டார்.

அவ்வளவுதான் விஷயம்.